பெரிய பிளேட்டுக்குப் பின்னால்

இப்போதெல்லாம் யாருக்கும் கை வலி, கால் வலி வருவதில்லை. எல்லோருக்கும் மனசுதான் வலிக்கிறது. முடி வெட்டுகிறவன்கூட 'மூடு சரியில்ல' என்று பாதித் தலையோடு ஆளை உட்கார வைத்துவிட்டு வெளியே போய் நிற்கிறான். நான் கிடங்கில் மூட்டை தூக்கிய காலத்தில், எந்த மூட்டையும் என் மனசு எப்படி இருக்கிறது என்று விசாரித்ததில்லை. தூக்கினால் கூலி. இல்லாவிட்டால் நடையைக் கட்டு.

என் மகள் பளு தூக்கும் வீராங்கனை. முதுகு என் முதுகு. "முகம் உங்கள மாதிரி வரல, அது அவ செஞ்ச புண்ணியம்" என்பாள் என் வீட்டுக்காரி. என் முகத்தைப் பார்த்தால் காய்ச்சாத பாலும் திரிந்துவிடுமாம். பிறந்ததிலிருந்தே இப்படித்தான். என்ன செய்ய?

அவள் பயிற்சி செய்யும் கூடம் தகரக் கூரை போட்டது. உள்ளே போனாலே ரப்பர் விரிப்பும் வியர்வையும் கலந்த வாடை. சுவரோரம் ஒரு பெஞ்சு. வேலையிலிருந்து நின்ற பிறகு, சாயங்காலம் ஆனால் அந்தப் பெஞ்சுதான் எனக்கு. பேச மாட்டேன், கை தட்ட மாட்டேன். உட்கார்ந்து பார்ப்பேன்.

வினை ஆரம்பித்தது கோச்சால். நல்ல மனிதன்தான், ஆனால் குறுக்கு வழி என்றால் வாயெல்லாம் பல். மகள் எண்பது கிலோவிலேயே நின்றுபோயிருந்த சமயம் அது. ஒரு நாள் அவள் பிடி வழுக்காமலிருக்கக் கைக்கு மாவு பூசத் திரும்பியபோது, இரும்பு ராடில் எடைக்கு மாட்டியிருந்த பெரிய பிளேட்டுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் சின்ன பிளேட்டுகளைச் செருகினான். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் பேசாமல் இருந்தேன். அவள் தூக்கிவிட்டாள்.

"ஏய், நீ எண்பதுன்னு நெனச்சியா? எண்பத்தஞ்சு! எல்லாம் மனசுதாம்மா!" என்று அவன் குதித்தான். கூடமே கை தட்டியது.

அவள் தட்டவில்லை. ராடைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அதோடு சரி. மறுநாளிலிருந்து எண்பதும் ஏறவில்லை, எழுபத்தைந்தும் ஏறவில்லை. ராடு முன்னால் போய் நிற்பாள், குனிவாள், பிளேட்டுகளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாள், மறுபடி நிமிர்வாள். ஊர் சார்பில் போன போட்டியில் மூன்று வாய்ப்பும் வீண். அடுத்து வரும் தேர்விலும் ஒன்றைக்கூடத் தூக்காவிட்டால் அணியில் பெயர் இருக்காது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். சின்ன வயதிலிருந்து அவள் வேறு எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை, அவளுக்கும் சரி, அவள் அம்மாவுக்கும் சரி.

அப்போதுதான் மனசு டாக்டர் என்று ஒரு பெண்ணை அனுப்பி வைத்தார்கள். கையில் ஊசி இல்லை, மாத்திரை இல்லை. ஒரு வாரம் கூடத்தின் மூலையில் சும்மா நின்றாள். இதற்குச் சம்பளம் வேறு. பிறகு ஒரு சாயங்காலம் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேட்டாத்தானே தெரியும்."

"உங்க பொண்ணு ராடைத் தொடுறதுக்கு முன்னாடி யாரைப் பார்க்கிறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா?"

"சாமியப் பார்ப்பா."

"உங்களைத்தான் பார்க்கிறாங்க. ஒவ்வொரு தடவையும்."

"பெத்த அப்பன் நான். பார்த்தா என்ன?"

"அன்னைக்கு பிளேட் செருகினதை நீங்க பார்த்தும் சொல்லலன்னு அவங்களுக்குத் தெரியும். அதனால இப்ப எடை நெசமா பொய்யான்னு உங்க மூஞ்சில தேடுறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏம்மா, போட்டியில போர்டுல எடை எழுதிப் போடுறான். அதைப் பார்க்க வேண்டியதுதானே? என் மூஞ்சில என்ன எழுதி ஒட்டியிருக்கு?"

"எதுவும் இல்ல. அதான் பிரச்சினை. அவங்க பயம் என்னவோ அதை உங்க மூஞ்சில படிச்சுக்கிறாங்க." கொஞ்சம் தயங்கினாள். "தேர்வு அன்னைக்கு நீங்க உள்ள வராம இருந்தா நல்லது."

கோச்சைத் திட்டினாளா என்று கேட்டேன். திட்டவில்லையாம். இனிமேல் பயிற்சியின்போது ராடில் பிளேட்டுகளை மகளே தன் கையால் மாட்ட வேண்டும், மாட்டும்போது எடையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று மட்டும் ஏற்பாடு செய்தாளாம். செருகினவன் உள்ளே, பார்த்தவன் வெளியே. நல்ல நியாயம்.

வீட்டில் போய்க் கத்தினேன். வீட்டுக்காரி தட்டை வைத்தபடியே, "ஒரு நாள் வெளிய நின்னா உங்க கிரீடம் கழண்டுடுமா?" என்றாள். மகளிடம் கேட்டேன், "நான் வரட்டுமா, வேண்டாமா?" அவள் மணிக்கட்டில் சுற்றிய பட்டையை உரித்துக்கொண்டே, "உங்க இஷ்டம்ப்பா" என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

தேர்வு அதே கூடத்தில்தான். அன்று வெளியேதான் நின்றேன். கதவில் கண்ணாடி பதித்திருந்தார்கள். உள்ளே கூட்டத்தின் தலைகள். மகள் மேடை ஏறினாள். எண்பது. குனிந்தவள் நிமிர்ந்து, பெஞ்சுப் பக்கம் பார்த்தாள், கூட்டத்தைத் துழாவினாள், கடைசியில் கதவுக்கு வந்தாள். கண்ணாடி வழியாக என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். ராடு மார்பு வரை வந்தது, அங்கிருந்தே தரைக்குப் போனது.

உடனே அந்தப் பெண் வெளியே ஓடி வந்தாள். "ஐயா, கண்ணாடியில தெரியுறீங்க."

"வெளியதானே நிக்கிறேன்."

"தயவுசெஞ்சு, ஐயா."

வாதாடத் தெம்பில்லை. கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். தண்ணீர் மோட்டார், உடைந்த நாற்காலிகள், ஒரு ஓணான். சுவரில் ஜன்னல்கூட இல்லை. அங்கிருந்து காதுதான் மிச்சம். பாதியில் விழும் ராடு ஒரு மாதிரிச் சத்தம் போடும், தலைக்கு மேலே நின்றுவிட்டு விழும் ராடு வேறு மாதிரி. ஆயுசெல்லாம் சரக்கு விழுவதைக் கேட்ட காது எனக்கு.

உள்ளே அமைதி. ரொம்ப நேரம் போலிருந்தது. பிறகு தரை அதிர்ந்தது. ஓணான் ஓடிவிட்டது. கை தட்டல்.

கோச் தொப்பை குலுங்க ஓடி வந்தான். "அண்ணே! எண்பது ஏறிடுச்சு! நேரா ராடுக்குப் போனா, குனிஞ்சா, தூக்கினா. எங்கயும் திரும்பிப் பார்க்கல! அணியில பேரு நிக்குது அண்ணே!"

"ம்."

"ஒரு சிரிப்பாவது சிரிங்களேன். இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு, எண்பத்தஞ்சு கேட்டிருக்கா, அவளே கேட்டா. கண்டம் தாண்டியாச்சு, இனி உள்ள வாங்க. ஒண்ணும் ஆகாது."

"முதல் தடவை உடம்பு சூடேறியிருக்காது, அதான் விழுந்துச்சு. ரெண்டாவது தடவை சூடேறிடுச்சு. இதுக்கு ஒரு டாக்டரு."

"சரி அண்ணே, அப்படியே இருக்கட்டும். வாங்க."

உள்ளேயிருந்து ஒலிபெருக்கியில் மகளை அழைத்தார்கள்.

"நீ போ. எனக்குக் கால் வலிக்குது" என்றேன்.

அவன் ஓடினான். நான் மோட்டாரைத் தாண்டி, பின்வாசல் வழியாகத் தெருவில் இறங்கினேன். மனசாவது மண்ணாவது. சூடேறாத உடம்பு, அவ்வளவுதான். தெருமுனையில் ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. அதைத் தாண்டிவிட்டால் கூடத்துச் சத்தம் எதுவும் கேட்காது. தாண்டி நடந்தேன்.