சொராய்தா கொடுத்த எண்

சூறாவளி அடித்துப் பதினோரு நாள் கழித்து நாங்கள் ஆறு பேர் மலைக்குப் போனோம். பல்கலைக்கழகத்தில் எங்களுக்குச் சனிக்கிழமைக் குழு என்று பெயர். அதுவரை கடற்கரையில் குப்பை பொறுக்கியதுதான் நாங்கள் செய்த பெரிய சேவை. எங்களில் ஒருவனான எலியேசருடைய அப்பாவின் பிக்கப் வண்டியில் தண்ணீர் கேன்கள், டின் உணவு, தார்ப்பாய்கள், யாரோ வெளியூரிலிருந்து அனுப்பிய இரண்டு பெட்டித் துணி எல்லாவற்றையும் ஏற்றியிருந்தோம்.

வழி நெடுக மலைகளில் ஓர் இலைகூட இல்லை. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்கள் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பச்சை முழுக்க உரிந்துபோய், பழுப்பு மலைகள் மூடுபனிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. யாரோ காணும் கனவுக்குள் வண்டி ஓடுவதுபோல் இருந்தது.

நாங்கள் போகவேண்டிய குவாயாபால் என்ற மலையூரின் பாலம் ஆற்றோடு போயிருந்தது. ஊர்க்காரர்கள் இரு கரை மரங்களுக்கும் நடுவே கம்பி கட்டி, அதில் ஒரு பிளாஸ்டிக் கூடையைத் தொங்கவிட்டிருந்தார்கள். சாமான்களைக் கூடையில் அனுப்பிவிட்டு, கயிற்றைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் நாங்கள் அக்கரை சேர்ந்தோம்.

துணிப்பெட்டியைத் திறந்தவர் சொராய்தா. பள்ளிக்கூடத்தில் சமையல் செய்பவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். உள்ளே முழுக்கக் கம்பளிக் கோட்டுகள். ஒன்றை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தார்.

“இதைப் போட்டுக்கிட்டு நான் ஆத்துல குளிக்கணுமா, கண்ணு?”

எல்லோரும் சிரித்தார்கள். எலியேசரின் காது சிவந்துவிட்டது. என்னதான் வேண்டும் என்று அவரிடமே கேட்டேன். தண்ணீர் போதும், தார்ப்பாய் இன்னும் வேண்டும் என்றார். பிறகு, நீங்கள் போகிற வழியில் எங்காவது போன் வேலை செய்கிறதா என்று கேட்டார். நெடுஞ்சாலையில் ஒரு வளைவில் சிக்னல் கிடைக்கிறது என்றேன். ஓர் அட்டைத் துண்டில் எண் எழுதிக் கொடுத்தார். அவர் கணவர் வில்ஃப்ரெதோ சிறுநீரக நோயாளி. புயலுக்கு இரண்டு நாள் முன்பு அவரைச் சான் ஹுவான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். என் வேதியியல் நோட்டில் நாற்பத்து மூன்று எண்களையும் நாற்பத்து மூன்று செய்திகளையும் எழுதிக்கொண்டேன்.

அந்த வளைவில் கார்கள் வரிசையாக நின்றிருந்தன. ஜனங்கள் போனை வானத்தை நோக்கித் தூக்கியபடி, தூக்கத்தில் நடப்பவர்களைப் போல மெல்ல மெல்ல நடந்துகொண்டிருந்தார்கள். நாங்களும் எண்களைப் பிரித்துக்கொண்டு அவர்களோடு கலந்தோம். சிகாகோவில் ஒருத்தி என் குரலைத் தன் தங்கையின் குரல் என்று நினைத்துக்கொண்டு அழுதாள். எல்லோரும் பதில் சொல்லியனுப்பினார்கள். வில்ஃப்ரெதோவின் எண் மட்டும் கிடைக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் முயன்றேன்.

அடுத்த சனிக்கிழமை ஆற்றங்கரையில் நின்று பதில்களை வாசித்தேன். ஒவ்வொருவரும் தம் பதிலை வாங்கிக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் நின்றார்கள். கடைசியில் சொராய்தா மட்டும் என் முன்னால் இருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகவே பேசியது.

“நல்லா இருக்காராம். சாப்பிடுறாராம். நீங்க கவலைப்படக் கூடாதுன்னு சொன்னாரு.”

சொராய்தா என் கையிலிருந்த நோட்டை மெல்ல மூடினார்.

“முப்பத்தோரு வருசத்துல அந்த மனுசன் நல்லா இருக்கேன்னு ஒரு நாள் சொன்னதில்ல, கண்ணு.”

அவர் குரலில் கோபமே இல்லை. வேகவைத்த பச்சை வாழைக்காய் ஒன்றை என் கையில் வைத்து, முகம் வாடிக் கிடக்கிறது, சாப்பிடு என்றார்.

திரும்பும் வழியில் நான் சொன்ன பொய்யை எலியேசரிடம் சொன்னேன்.

“இல்லாத சேதிய நாம கொடுக்க முடியாது, இவெலீஸ்,” என்றான். “வகுப்பு இன்னும் ஆரம்பிக்கல. நேர்லயே போய்த் தேடுவோம்.”

சான் ஹுவான் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் நின்றுபோய், நோயாளிகளை வெவ்வேறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்பியிருந்தார்கள். சுவரில் கையால் எழுதி ஒட்டிய பட்டியலில் வில்ஃப்ரெதோவின் பெயருக்கு எதிரே போன்ஸே நகரம் என்றிருந்தது. போன்ஸேயில் நாங்கள் தேடிப்போன மூன்றாவது ஆஸ்பத்திரியில், ஜன்னலோரம் வெயில் விழுந்த நாற்காலியில், இயந்திரத்தோடு இணைத்த குழாய்களுடன் அவர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். கூரை போய்விட்டது, நான் இருக்கிறேன், மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு என்ற மனைவியின் செய்தியை வாசித்தேன்.

“கூரைக்கு ஆணி அடிக்கணும்னு மார்ச் மாசமே சொன்னேன்,” என்றார் அவர். “கேட்டாளா? இங்க சாப்பாட்டுல உப்பே இல்ல. போன் வேற தண்ணியில விழுந்து செத்துப்போச்சு. எழுதிக்கோ, எல்லாத்தையும் எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன். பிறகு அவர் உள்ளங்கையால் கண்களை மூடிக்கொண்டார். வெகுநேரம் அந்தக் கையை எடுக்கவில்லை.

சனிக்கிழமை நான் முதலில் பொய்க்கு மன்னிப்புக் கேட்டேன். சொராய்தா தலையை மட்டும் அசைத்தார். பிறகு வில்ஃப்ரெதோ சொன்னதைச் சொல் மாறாமல் வாசித்தேன். ஆணி என்ற இடத்தில் சொராய்தா சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“ஆணி வாங்கிட்டு வர வேண்டியவரே அவருதானே,” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்க வண்டியில ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?” என்றார்.

தேவாலயத்துக்குப் போகும் நீல உடையை உடுத்தி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் நான்கு பேர் கயிற்றைப் பிடித்து நிற்க, தண்ணீருக்குள் நிமிர்ந்து நடந்து வந்தார். புயலுக்குப் பிறகு அவர் ஊரைவிட்டு வெளியே வருவது அதுதான் முதல் தடவை. ஜன்னல் வழியே மலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். மொட்டைக் கிளைகளில் பாசி படிந்ததுபோல் புதுப்பச்சை எட்டிப் பார்த்தது. இது எந்த ஊர் என்று ஒரு தடவை கேட்டார். நம் மலைதான் என்றேன். சற்று நேரத்தில் என் தோளில் சாய்ந்து உறங்கிப்போனார்.

போன்ஸேயில் வண்டி நிற்கும் முன்பே விழித்துவிட்டார். எந்த வாசல் என்று நான் சொல்வதற்குள் இறங்கி, ஈர உடை காலில் தட்ட, எதிர்ப்பட்ட கதவை நோக்கி நடந்தார். சரியான வாசலைக் காட்ட நான் பின்னாலேயே ஓடினேன்.