கம்பி அளந்த மூச்சு

பெண்கள் வண்டியில் ஏற மறுக்கிறார்கள் என்று, கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிற பாலகுரு போன் செய்தபோது, அதற்கு நான் எதற்கு என்றுதான் முதலில் தோன்றியது. விருதுநகரில் என் ஒர்க்‌ஷாப்பில் நான் பார்ப்பது டீசல் வண்டிகளை.

"கோளாறு வண்டியிலதான்க்கா. மேட்டுல இழுக்க மாட்டேங்குது. நிப்பாட்டுனா உள்ளுக்குள்ள வெளிச்சம் வருதுங்காக. நாளைக்கும் ஏறலைன்னா கம்பெனி வேற வண்டி வச்சுக்கிடும். இதை விட்டா எனக்குப் பொழப்பு இல்லக்கா."

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரையும் புது ஏர் ஃபில்டர் ஒன்றையும் எடுத்துக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன். இரண்டாயிரத்து எட்டு, தீபாவளி சீசன். ஊருக்கு வெளியே கரிசல் காட்டை ஒட்டி வண்டி நின்றது. பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் பெண்கள் தூக்குவாளிகளோடு அதைவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

"வாங்க தாயி. வண்டிக்கு வைத்தியமா, வேப்பிலையா?" என்றாள் மூக்கம்மாள். வயதில் மூத்தவள், வாயும் அவளுக்குத்தான் பெரிது.

"மொதல்ல வைத்தியம் பாப்போம்."

"பாருங்க. மூடிக் கெடக்குற பழைய கம்பெனி இருக்குல்ல, அந்த மேட்டுக்கு வந்தா வண்டி மூச்சு வாங்குது. நம்ம பெத்தணன் செத்த எடம். அங்கன நிப்பாட்டிச் சாவிய எடுத்தா, முன்னால மூடிக்குள்ள 'டப்'புன்னு ஒரு சத்தம். இடுக்குல வெள்ளையா மினுக்குது. கண்ணால பாத்தோம்."

பெத்தணன், பாலகுருவின் மனைவி அய்யம்மாளுடைய அண்ணன். பழைய கம்பெனியில் வெடிமருந்து சலிக்கிற அறை வெடித்தபோது உள்ளே இருந்தவர். அய்யம்மாளும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள்.

பானட்டைத் திறந்தேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று பக்கத்தில் கூப்பிட்டேன். பயம் பாதி, தெரியாததால் வருவது. இது என் நம்பிக்கை.

டர்போ வண்டி என்பது காற்றை அமுக்கிக் குடிக்கும் வண்டி. வெளியே போகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதோடு சேர்ந்த இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். அந்தக் காற்று முதலில் மடிப்பு மடிப்பான காகித ஃபில்டரைக் கடக்கிறது. தூசி அங்கே நின்றுவிடும். அதைத் தாண்டியதும் குழாய்க்குள் தலைமுடி போல ஒரு கம்பி. மின்சாரம் அதை எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருக்கும். காற்று பட்டால் கம்பி ஆறும். மறுபடி சூடாக்கக் கூடுதல் மின்சாரம் வேண்டும். எவ்வளவு கூடுதல் என்று பார்த்தே, எவ்வளவு காற்று போகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டர் தெரிந்துகொள்கிறது. அந்த அளவுக்குத்தான் டீசல் கொடுக்கும்.

"சோத்த ஊதிக் குடுக்குற மாதிரி," என்றாள் மூக்கம்மாள். "ஊதுனா ஆறும்."

"அதேதான்."

ஃபில்டரை வெளியே எடுத்தேன். வெயிலில் அது மீன் செதில் போல மின்னியது. ஊர்ப் புழுதி இப்படி மின்னாது. அதுவும் தூசி வரவே கூடாத உள்பக்கத்தில் மின்னியது.

"இதை யாரு சுத்தம் பண்ணுனது?"

பாலகுரு பெருமையாகச் சொன்னான். "வாராவாரம் அய்யம்மாதான்க்கா. சல்லடை துடைக்கிற மயிர்ப் பிரஷ்ஷு கம்பெனியில கழிச்சதக் கொண்டாந்திருக்கா. உள்ளயும் வெளியயும் இழுத்தா நைசா வந்துரும்."

சல்லடைப் பிரஷ்ஷில் இருந்தது அலுமினியப் பவுடரும் கந்தகமும் வெடியுப்பும். வானத்தில் வெள்ளைப் பூ பூப்பதற்கு இவர்கள் கலக்கிற அதே மருந்து. அது ஃபில்டரின் உள்பக்கம் ஒட்டி, காற்றோடு கிளம்பிக் கம்பியில் படிந்திருக்கிறது. சாவியை எடுத்ததும், ஒட்டிய அழுக்கைப் பொசுக்க அந்தக் கம்பி ஒரு நொடி செக்கச் செவேலெனப் பழுக்கும். இந்த வகை சென்சாரின் வழக்கம் அது. ஆக, அந்த மினுக்கல் பொய்யில்லை. ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தும்போதும், ஃபில்டர் பெட்டிக்குள் ஒரு சின்னப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. எரிந்த அலுமினியம் கம்பிமேல் தோலாகப் படிய, காற்று பட்டும் அது ஆறவில்லை. காற்றே குறைவு என்று நினைத்துக் கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்தது. சமதரையில் தெரியாது. வழியில் இருக்கும் ஒரே மேடு பழைய கம்பெனி மேடு.

இதைச் சொல்லி முடித்தபோது பெண்கள் ஓர் எட்டு பின்னால் நகர்ந்தார்கள். இந்த வண்டி தினமும் நின்றது கம்பெனி வாசலில்.

கம்பியை ஸ்ப்ரே அடித்துக் கழுவி, பெட்டியைத் துடைத்து, புது ஃபில்டரைப் போட்டேன்.

"சரி தாயி," என்றாள் மூக்கம்மாள். "ஏறுறோம். ஆனா அந்த மேட்டுல நிப்பாட்டிச் சாவிய எடுக்கட்டும். சத்தமும் வெளிச்சமும் வரலைன்னா கம்பெனிக்குப் போவோம். வந்துச்சு, எறங்கி நடந்துருவோம். அப்புறம் இந்த வண்டி வேணாம்."

பாலகுரு சம்மதித்தான். நான் முன்சீட்டில் ஸ்கேனரை மடியில் வைத்து உட்கார்ந்தேன். மேட்டில் வண்டி கும்மென்று ஏறியது. இடிந்த சுவர்களுக்கு எதிரே நிறுத்தி, அவன் சாவியை எடுத்தான்.

சத்தமில்லை. வெளிச்சமில்லை. பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

நான் அதோடு விட்டிருக்கலாம். "சாவியப் போடு, எஞ்சின் வேணாம்," என்றேன். எஞ்சின் ஓடாதபோது காற்றும் ஓடாது. ஸ்கேனர் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டும். கழுவிய கம்பியைச் சோதிக்க அதுதான் வழி.

பூஜ்யம் காட்டியது. பிறகு எண் மெல்ல ஏறியது. நின்றது. மெல்ல இறங்கியது. சற்று இடைவெளி. மறுபடி ஏறியது.

காற்று அடிக்கிறதோ என்று வெளியே பார்த்தேன். வேலி ஓரத்துப் புல்கூட அசையவில்லை. ஸ்கேனரைப் பாலகுருவிடம் கொடுத்துவிட்டு இறங்கி, பானட்டைத் திறந்து, காற்று நுழைகிற குழாய் வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடினேன்.

"எறங்குதா?" என்று பாலகுருவிடம் கேட்டேன்.

"இல்லக்கா. ஏறிக்கிட்டுத்தான் இருக்கு."

என் உள்ளங்கையை ஏதோ உள்ளே இழுத்தது. விட்டது. இழுத்தது. அந்தக் காற்று வெதுவெதுப்பாக இருந்தது.

கையை எடுத்து, பானட்டை மூடிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். எண் ஏறி இறங்குவதைப் பின்சீட்டிலிருந்து அய்யம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணனுக்கு வீசிங் இருந்துச்சு," என்றாள். "இப்படித்தான் இழுத்து இழுத்து விடும்."

ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். மூக்கம்மாள் தூக்குவாளியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "என்னமோ ஏதோன்னு பயந்தோம். நம்ம பெத்தணந்தானா. நகந்து ஒக்காருங்கடி." கதவோரம் ஓர் ஆள் உட்காரும் இடம் உண்டாயிற்று.

அதுவரை எதையும் நம்பாத பாலகுருவுக்குத்தான் சாவியைத் திருப்பக் கை வரவில்லை. "ஏங்க, எடுங்க," என்றாள் அய்யம்மாள். "லேட்டானா அரைநாள் கூலி போயிரும்."

கம்பெனி வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். எஞ்சின் நின்று, சாவி மட்டும் போட்டபடியே இருந்த வண்டியில் ஸ்கேனரைப் பார்த்தேன். பூஜ்யம். அசைவே இல்லை.

கம்பி வேலிக்கு உள்ளே, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சின்ன அறைகள். ஒவ்வொன்றின் சுவரிலும் எத்தனை பேர் உள்ளே இருக்கலாம் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். அதற்கு மேல் ஓர் ஆள் போனாலும் ஆபத்து. வேலியை ஒட்டிய அறையில் 'ஆட்கள் 4' என்று இருந்தது. மூக்கம்மாளும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அய்யம்மாள் வாசல்படியில் நின்றுவிட்டாள்.

"ஏ அய்யம்மா, எதுக்கு நிக்கிற?" ஃபோர்மேன் சோலைச்சாமி அதட்டினார். "மூணு பேருதான இருக்காக?"

"நல்லாப் பாருங்க."

அவர் கழுத்தை மட்டும் நீட்டி உள்ளே பார்த்தார். உள்ளே மூக்கம்மாள் தன் பாயைச் சுவரோரமாக இழுத்து இடம் விட்டுக்கொண்டிருந்தாள். சோலைச்சாமி தலையை வெளியே இழுத்துக்கொண்டார். அய்யம்மாளின் பாயை வாங்கி, அவரே வெளியே வேப்பமர நிழலில் விரித்துக் கொடுத்தார்.

அவள் உட்காரும் முன் வேலிக்கு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"சாயந்தரம் நேரத்துக்கு வந்துருங்க. போறப்ப அந்த மேட்டுல நிப்பாட்டணும். அண்ணன் எறங்கணும்ல."

பாலகுரு தலையாட்டினான். வண்டியில் ஏறாமல் வெகுநேரம் அங்கேயே நின்றான்.