விசில் வைத்த குடை

அப்துல் ரஸாக்கின் கடையில் நின்று ரோசலின் மறுபடியும் அந்தக் குடையை விரித்துச் சுருக்கினாள். இளஞ்சிவப்புத் துணி, உச்சியில் இரண்டு முயல் காதுகள், கைப்பிடியின் நுனியில் மஞ்சள் விசில். கிறிஸ்து பிறப்பான நத்தாருக்குச் சாமான் வாங்க யட்டியாந்தோட்டைக் கடைவீதிக்கு வந்த கூட்டம் அவளை முழங்கையால் இடித்து நகர்ந்துகொண்டிருந்தது.

அவளுடைய தயக்கத்துக்குக் காரணம் சென்ற நத்தார். அவிசாவளை ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவள், அண்ணன் பிள்ளைகளான வினோத்துக்கும் ரோஷானிக்கும் பற்றரியில் குரைக்கும் நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுபோயிருந்தாள். அது குரைத்தது; இறப்பர்த் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் நாய்கள் பதிலுக்குக் குரைத்தன; லயத்துப் பிள்ளைகள் அனைவரும் அதேபோல் ஒன்று வேண்டுமென்று அழுதார்கள். கூரையைத் தொடாத சுவர்களுக்கிடையே வாழ்கிறவர்கள் தனியாகக் கொண்டாடவும் முடியாது, தனியாக அழவும் முடியாது. அண்ணி பிலோமினா நாயின் வயிற்றிலிருந்து பற்றரியைக் கழற்றி ரேடியோவில் போட்டாள்.

"இனிமே பாவிக்கிற சாமானா வாங்கு ரோசலின். சத்தம் போடுறது, மத்த புள்ளைங்கள ஏங்க வைக்கிறது ஒன்னும் வேணாம். மீறுனா ஒன் பையிலயே போட்டு அனுப்பிருவேன்."

அண்ணி சொன்னால் செய்வாள். ஆண்டு முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் ரோசலினுக்கு, இரண்டு பிள்ளைகள் தன்னைக் கண்டு மேட்டிலிருந்து ஓடிவருவதுதான் நத்தார். குளிக்கிற துவாயையும் சவர்க்காரப் பெட்டியையும் எதிர்பார்த்து எந்தப் பிள்ளை ஓடிவரும்? ஆனால் குடை அன்றாடம் உதவுகிற, பாவிக்கிற சாமான். அதை எந்த அண்ணியாலும் மறுக்க இயலாது.

"விசில கழட்டித் தரவா தங்கச்சி? சில தாய்மார் கழட்டச் சொல்றாங்க" என்றார் ரஸாக்.

"எந்த விசில்?" என்றாள் ரோசலின், அதைக் கவனிக்காதவள்போல.

அவர் தொட்டுக் காட்டினார்.

"அதுவா... கெடக்கட்டும் நானா. கழட்டுனா பிடி மொட்டையா தெரியும். ரெண்டு குடுங்க."

நத்தார் பூசை முடிந்து வந்ததும் பிலோமினா குடைகளின் கம்பிகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தாள். மஞ்சள் விசிலை அலங்காரமென்று எண்ணிக்கொண்டாள் போலும். "பரவால்லையே, ஒனக்கும் புத்தி வந்துருச்சு" என்று கூறிப் பெரிய கேக் துண்டாகப் பார்த்து ரோசலினின் தட்டில் வைத்தாள்.

அந்தத் துண்டு பாதி தீர்வதற்குள் லயத்தின் பின்புற மேட்டிலிருந்து நீளமாக ஒரு விசில் எழுந்தது. அதற்குப் பதிலாக இன்னொன்று.

ரோசலின் கடித்த கேக்கைத் தட்டிலேயே வைத்தாள். இறப்பர் மலையில் விசிலுக்கு ஒரே பொருள்தான்: மழை வருகிறது, சிரட்டைகளில் சேர்ந்த பாலை உடனே எடு. இங்கேயே பிறந்து வளர்ந்தவள் அவள். தொழிற்சாலை மணிக்குப் பழகிய காது அதை மறந்துபோயிருந்தது. விடுமுறை நாளுக்குச் சம்பளம் கூடுதல் என்பதால் லயத்தில் பாதிப்பேர் அன்றும் பால் வெட்டப் போயிருந்தார்கள்.

சற்று நேரத்தில் அவர்கள் குறை வாளிகளோடு இறங்கி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், அந்த விசிலை ஊதவேண்டிய மேற்பார்வையாளர், கங்காணி ஏழுமலை.

"எவன்டா விசில் அடிச்சது? நான் இன்னும் வாயிலயே வைக்கல! பாதிப் பால் மரத்துல நிக்கிது. தொரைக்கு என்னன்னு சொல்றது?"

"நல்லதாப் போச்சு கங்காணி, கேக்கு தீர முன்ன வந்துட்டோம்" என்றாள் பக்கத்து வீட்டு ஜெயம்மா, வாளியை இறக்கிவைத்தபடி.

மேட்டிலிருந்து குடைகளோடு இறங்கிவந்த பிள்ளைகளைப் பிலோமினா திட்டவில்லை. ரோசலினைப் பார்த்தாள். "பாவிக்கிற சாமான்" என்றாள், மிக மெதுவாக. இரண்டு குடைகளையும் வாங்கி, ஒன்றை ரோசலினின் பைக்குள் திணித்தாள். மற்றதைத் திணிப்பதற்குள் தகரக் கூரையில் படபடவென்று மழை இறங்கியது.

"பாத்தீங்களா கங்காணி? புள்ளைங்களுக்கு ஒங்களுக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு" என்றாள் ஜெயம்மா.

ஏழுமலை கூரை விளிம்புக்குக் கீழே நின்று வானத்தை எட்டிப் பார்த்தார். அவர் பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் போயாக வேண்டும். தொப்பியோ மலையில் கிடந்தது. பண்டிகை நாளில் வாசலுக்கு வந்தவரை நனையவிட பிலோமினாவுக்கு மனம் வரவில்லை. கையிலிருந்த குடையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இதப் புடிச்சிட்டுப் போங்க கங்காணி."

இறப்பர் மரங்களுக்கிடையே இரண்டு முயல் காதுகள் ஆடி ஆடிப் போயின. திருப்பத்தில் அவை நின்றன. குடைக்குக் கீழே ஒரு தலை இப்பக்கமும் அப்பக்கமும் திரும்பிப் பார்த்தது. பிறகு, மழைக்குள்ளிருந்து, மிகச் சிறியதாக ஒரு விசில்.

பிலோமினா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அடக்கிய சிரிப்பில் அவளுடைய தோள்கள் குலுங்கின. அவள் காலடியில், மூடாத பையிலிருந்து மற்றக் குடையின் காதுகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.