இரண்டாவது வெற்றுக் கட்டம்

மூன்றாவது முறையாகச் சினிவா பேக்கரியின் பின்கதவைத் தட்டியபோது, உள்ளே தட்டுகள் நகரும் சத்தம் சட்டென்று நின்றது.

"லெபேக்கா, நீ உள்ளதான் இருக்கேன்னு தெரியும். பன் வாசனை ரோடு வரைக்கும் வருது."

"முதலாளி இல்ல" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"முதலாளி குரல் எனக்குத் தெரியாதாடி?"

கதவு ஒரு சாண் திறந்தது. முழங்கை வரை மாவோடு லெபேக்கா நின்றாள். சினிவாவின் சித்தப்பா மகள். டுடுய்லா தீவின் மேற்குக் கிராமங்களில் பேக்கரி என்றால் இவளுடையது ஒன்றுதான். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அரசு எடுக்கும் பொருளாதாரக் கணக்கெடுப்பில் தீவின் எல்லாத் தொழில்களும் சேர வேண்டும். இணையத்தில் பதில் அனுப்பாதவர்களைத் தேடிப் போவது சினிவாவின் வேலை. வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. அவள் பகுதியில் பாக்கி இருந்தது இந்த ஒரு கதவு.

"சர்க்காருக்குப் பதில் சொல்ல எனக்கென்ன பயம்? வரியெல்லாம் ஒழுங்காக் கட்டுறேன். ஆனா வந்து நிக்கிறது நீயாச்சே. அதான் பயம். இன்னிக்குப் பெரியப்பா வீட்டுல கூட்டம், மறந்துட்டியா?"

எங்கே மறப்பது? ஹொனலூலுவில் பெரிய அத்தை இறந்துவிட்டாள். உடல் அடுத்த விமானத்தில் வருகிறது. பெரியப்பாதான் குடும்பத்தின் மதாய், அதாவது தலைவர். சாவுக்கு யார், மாதக்கணக்கில் உட்கார்ந்து மெல்லிய இழையில் பின்னும் நுண்பாய் எத்தனை, எத்தனை பெட்டி மீன் டின், எவ்வளவு ரொக்கம் என்று அவர்தான் பங்கு பிரிப்பார். கொடுப்பதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் கை நிறைந்திருப்பதாகத் தெரிந்தவர் தலையில்தான் பெரிய பங்கு விழும். அதனால் இந்தத் தீவில் தொழில் செய்பவர்கள் வருமானத்தை மறைப்பது வரிக்காரரிடம் அல்ல, சொந்தக்காரர்களிடம்.

"பாரு, அடுப்போட அடி ஓட்டையாப் போச்சு. பாதித் தட்டு கருகுது. புது அடுப்புக்கு முன்பணம் கட்டிட்டேன், கப்பல் வந்ததும் மீதியைக் கட்டணும். நான் சேர்த்து வச்சிருக்கேன்னு பெரியப்பா காதுல விழுந்தா அடுப்பும் அத்தையோட குழிக்குள்ள போயிடும்."

சினிவாவுக்கு எங்கேயும் பொறுமையாக நிற்க வராது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். ஆனாலும் கணக்கெடுப்பில் சொன்னதை எப்படி ரகசியமாகக் காக்கிறார்கள் என்று விளக்க வேண்டி வந்தால் அவளுக்கு அவசரமெல்லாம் மறந்துவிடும்.

"நீ சொல்றது யாருக்கும் போகாது. நான் ஆயுசுக்கும் வாய் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன். வெளியிடுற அட்டவணையிலயும் உன் பேர் வராது. இந்தப் பக்கம் பேக்கரி ஒண்ணே ஒண்ணுங்கறதால எண்ணைப் போட்டாலே அது நீதான்னு தெரிஞ்சிடும். அதனால அந்தக் கட்டத்துல எண்ணே இருக்காது, மறைச்சிருக்குன்னு காட்ட ஓர் எழுத்து மட்டும் இருக்கும். பக்கத்துல இன்னொரு கட்டத்தையும் அதே மாதிரி மறைச்சிடுவாங்க."

"அது எதுக்கு ரெண்டாவது?"

"நீ பள்ளிக்கூடத்துக்கு, மீன் ஆலைக்கு, சர்ச்சுக்குன்னு மூணு இடத்துக்குப் பன் அனுப்புற. மொத்தம் எவ்வளவுன்னு ஊருக்கே தெரியும்னு வச்சுக்க. பள்ளிக்கூடத்துக் கணக்கையும் ஆலைக் கணக்கையும் சொல்லிட்டு, சர்ச்சுக் கணக்கை மட்டும் மறைச்சா?"

"கழிச்சுப் பாத்தாப் போச்சு."

"அதான். சர்ச்சு தப்பிக்கணும்னா ஆலையும் மூடிக்கணும். மறைக்க அதுகிட்ட ஒண்ணுமே இல்லாட்டியும்."

லெபேக்கா நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள். மாவு ஒட்டியது. "பரவாயில்லையே, யோசிச்சுத்தான் வச்சிருக்காங்க" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கிளம்பும்போது சூடான தேங்காய்ப்பால் பன் ஒரு பொட்டலம் நீட்டினாள். சினிவா கையை இழுத்துக்கொண்டாள். "பதில் சொன்னவங்ககிட்ட ஒண்ணும் வாங்கக் கூடாது."

"ரொம்பத்தான் பண்ற நீ!"

வீடு திரும்ப வந்தது தம்பி சியாகியின் பஸ். சின்ன லாரி ஒன்றின் மேல் அவனே பலகையடித்துக் கட்டிய வண்டி. சினிவா முன்னால் உட்கார்ந்தாள். இந்தத் தீவில் அக்காவுக்குத் தம்பி பட்ட கடன் உயிருள்ள வரை தீராது. அவளிடம் அவன் ஒருநாளும் டிக்கெட் காசு வாங்கியதில்லை.

இரண்டு கிராமம் தாண்டியதும் சங்கு ஊதியது. மாலை ஜெபம். இளைஞர்கள் சாலையோரம் வரிசையாக நின்று வண்டிகளை நிறுத்தினார்கள். சியாகி இஞ்சினை அணைத்தான். இனி அடுத்த சங்கு ஊதும் வரை யாரும் நகரக் கூடாது. சினிவாவின் முழங்கால் தானாக ஆடியது.

"அக்கா, நேத்து என் கணக்கெல்லாம் எழுதிக்கிட்டுப் போனியே. எப்படி இருக்கு என் நிலைமை?"

சொல்லத் தேவையில்லை. டயருக்கும் டீசலுக்கும் போக அவனுக்கு மிஞ்சுவது காற்றுதான்.

"கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லு. நானே அழுதா நடிக்கிறான்னு சிரிப்பாங்க. நீ சொன்னா பெரியப்பா நம்புவாரு. போன சாவுக்கு வாங்கின கடனே முடியல. இந்தத் தடவை பெரிய பங்கு விழுந்தா பஸ்ஸைத்தான் விக்கணும்."

"சத்தியம் இருக்குடா."

"என் கணக்குதானே? நானே சொல்லச் சொல்றேன்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மறுசங்கு ஊதியபோது "பாக்கலாம்" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே பாட்டைப் பெரிதாக வைத்தான்.

பெரியப்பாவின் வீட்டுக்குச் சுவர் கிடையாது, சுற்றிலும் தூண்கள் மட்டும். ஆளுக்கொரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நுண்பாய்களும் மீன் டின்களும் பிரிபட்டு முடிந்தன. ரொக்கத்துக்கு வந்தபோது சியாகி முன்னால் நகர்ந்து தலை குனிந்தான்.

"பெரியப்பா, பஸ் ஓட்டமே இல்ல. என்னை நம்ப வேணாம். அக்கா உள்ளே பூந்து பார்த்திருக்கா, அவளைக் கேளுங்க."

"அப்படியா?" பெரியப்பா திரும்பினார். "ஊர்க்கணக்கெல்லாம் உன் கையில. சொல்லும்மா. முதல்ல இவனோடது. அப்புறம் நம்ம பேக்கரிக்காரியோடது."

எதிர்த்தூணில் லெபேக்கா விரல் நகத்திலிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டுவது நின்றது.

சினிவாவின் நாக்கு நுனி வரை தம்பியின் டயர் கணக்கு வந்துவிட்டது. ஆனால் அவனுக்காகப் பேசிவிட்டு அடுத்த கேள்விக்கு வாயை மூடினால்? இங்கே எல்லோருக்கும் கழிக்கத் தெரியும். அவள் சொன்னவன் ஏழை, சொல்லாமல் விட்டவள் பணக்காரி.

"யாரோடதையும் சொல்ல மாட்டேன் பெரியப்பா."

"அவனே சம்மதிக்கிறானே?"

"சம்மதிச்சாலும்."

"சர்க்காருக்கு வாழ்க்கைப்பட்டவளாச்சே" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. பெரியப்பா சிரிக்கவில்லை. தெரியாததை வைத்து எப்படிப் பிரிப்பது என்று கொஞ்சம் யோசித்தவர், சியாகிக்கும் லெபேக்காவுக்கும் ஒரே அளவு போட்டார். லெபேக்காவின் அடுப்புப் பணத்தை அது தொடாது. சியாகி "சரி பெரியப்பா" என்றான். சினிவா பக்கம் அவன் திரும்பவே இல்லை. அவள் தன் பங்கு நுண்பாயோடு இன்னொன்றைத் தருவதாகவும், அதைத் தம்பியின் பெயரில் சேர்க்கும்படியும் கேட்டாள். "பாய் வேற, ரொக்கம் வேற" என்றார் பெரியப்பா.

காலையில் பஸ் வந்து நின்றது. கதவில் காகித அட்டையில் 'விற்பனைக்கு' என்று எழுதியிருந்தது. பாட்டு இல்லை. சினிவா வழக்கம்போல் முன்னால் ஏறினாள்.

"சியாகி, சத்தியம் மட்டும் இல்லடா. நான் உன்னோடதைச் சொல்லியிருந்தா..."

"உள்ள நகர்ந்து உக்காருங்க. ஆள் ஏறணும்."

அலுவலகம் வந்ததும் இறங்கினாள். அவன் கதவுப் பக்கமாகக் கையை நீட்டினான். ஒரு நொடி அவளுக்குப் புரியவில்லை. பிறகு பையைத் துழாவி ஐந்து டாலர் தாளை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் மீதிச் சில்லறையை எண்ணி, இன்னொருமுறை எண்ணி, அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.