முதல் வாய்

கணவனின் சாப்பாட்டு டப்பாவைக் கழுவ எடுத்தபோது பையில் இரண்டு ஸ்பூன் இருந்தது.

"யாரு கூட சாப்பிடறீங்க?"

"பாலத்துக்கு அடியில ஒரு லேடி இருக்காங்கல்ல, அவங்க கூட. சாப்பாட்டுல யாரோ விஷம் வைக்கறாங்கன்னு பயம். முதல் வாய் நான் சாப்பிட்டாதான் தொடுவாங்க. அப்புறம்தான் மாத்திரை." சொல்லும்போதே அவன் முகம் மலர்ந்தது. "இன்னைக்கு சிரிச்சாங்க, தெரியுமா?"

தெருவில் வாழும் மனநோயாளிகளைத் தேடிப் போய் மருந்து கொடுக்கும் நர்ஸ் அவன். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசுவதற்காக மாதக்கணக்கில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவன். வீட்டில் இவள் வாயைத் திறந்தால் "ம்" என்பதோடு சரி. வீடுவாசல் இல்லாத ஒருத்தி மேல் பொறாமைப்பட வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே பொறாமைப்பட்டாள்.

மறுநாள் காலை குழம்பில் உப்பை அள்ளிப் போட்டாள். உங்க மகாராணி துப்பட்டும்.

துணி காயப்போடும்போதுதான் சுரீரென்று உறைத்தது. முதல் வாய் அவனுடையது. அவன் முகம் கோணினால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்? ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

பாலத்தின் அடியில் அட்டை விரிப்பு மேல் டப்பா திறந்து கிடந்தது. அந்தப் பெண் தூணுக்குப் பின்னால் மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள். மாத்திரை அவன் உள்ளங்கையிலேயே இருந்தது.

"உப்புதாங்க கூடிப்போச்சு. சத்தியமா."

"பொய். நீயும் அவங்க ஆளு."

இத்தனை மாத உழைப்பும் ஒரே வாயில் போயிற்று. அவன் முகத்தை இவளால் பார்க்க முடியவில்லை.

"நான்தான் போட்டேன்" என்றாள்.

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது. "எதுக்கு?"

"உன் மேல கோவம். இவரு உங்கிட்ட உட்கார்ந்து பேசறாரு. எங்கிட்ட பேசறதில்ல."

அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

"பொண்டாட்டியா?" என்றாள் அந்தப் பெண் அவனிடம். "அப்ப அவளைச் சாப்பிடச் சொல்லு."

இவள் அட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்பூனை எடுத்தாள். முதல் வாய் நாக்கைப் பொசுக்கியது. விழுங்கினாள். இரண்டாவதற்குக் கண்ணில் நீர் முட்டியது. அவன் மெல்ல நகர்ந்து இவளுக்கு இடம் விட்டான். மூட்டையை இழுத்துக்கொண்டு அந்தப் பெண் தூணைச் சுற்றி முன்னால் வந்து குந்தினாள். அவள் பார்வை, ஏறி இறங்கும் இவள் தொண்டைக்குழியை விட்டு அகலவே இல்லை.

இவள் மூன்றாவது வாயை அள்ளினாள்.