மூன்றாவது கோளாறு

மாமனாரின் முதுகில் காற்று சிலிண்டரின் வாரை மாப்பிள்ளை இழுத்துக் கட்டியபோது அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கட்டி முடித்த பிறகும் மாப்பிள்ளையின் கை வாரை விடவில்லை.

“மாமா, நானும் வரேன். கிட்டகூட வரமாட்டேன். கயிறு பக்கத்துலயே நிக்கிறேன்.”

“நேத்து போயிட்டு வந்ததே போதும் மாப்ள. இன்னிக்கு மேல உக்காந்து நல்லா காத்து வாங்குங்க.”

படகோட்டியை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் காதில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் துறைமுகம் முழுக்க ஒலிபரப்பாகிவிடும்.

“ரெண்டு பேரா போனா என்னண்ணே, கடல்ல இடமா இல்ல?”

“ரெண்டு பேர் இறங்கினா எவன் வேலைய முடிச்சான்னு ஊர் கேக்கும்.”

“ஊர் எதுக்குக் கேக்கணும்? நானே சொல்லிடுவேனே.”

கீழே ஒரு மீன்பிடி விசைப்படகு மூழ்கிக் கிடந்தது. அதன் இன்ஜினில் கொக்கியை மாட்டிவிட்டால் போதும், கிரேன் தூக்கிவிடும். நேற்று இறங்கிய மாப்பிள்ளை கொண்டுபோன கொக்கியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். மாஸ்க்கில் தண்ணீர் கசிந்தது, காலில் வலை சிக்கியது, பிடித்திருந்த கயிறு நழுவியது என்று காரணம் சொன்னார். எல்லாமே சின்னக் கோளாறுகள்தான். ஆனால் தனியாக இறங்கினவன் மூன்றாவது கோளாறு வந்ததும் ஏறிவிட வேண்டும் என்று அவர் படித்துவந்த பயிற்சியில் ஒரு விதி. “மூணு தும்மல் போட்டாலும் ஏறிடுவீங்களோ?” என்று விசைப்படகு முதலாளியின் முன்னால் மாமனாரே கேட்டார். கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது தன் வீட்டைப் பார்த்து என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. அப்பாவும் பெரியப்பாவும் இறங்கி வேலை செய்த கடல். அந்த வீட்டு ஆள் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஏறினான் என்று ஒரு பேச்சு வரலாமா? “நாளைக்கு நானே இறங்கறேன்” என்று குரலை உயர்த்திச் சொல்லிவிட்டார். தண்ணீருக்குள் போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன என்பது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் நினைவுக்கு வந்தது. காலையில் மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அவர் முழுசா வந்து சேர்ந்தது உங்களுக்குக் குறையாப் போச்சாப்பா?” அவர் எழுந்து வந்துவிட்டார்.

கயிற்றைப் பிடித்து இறங்க இறங்கப் பச்சை நிறம் சாம்பலாகி, சாம்பல் கறுத்தது. தன் மூச்சின் சத்தம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை அவர் மறந்திருந்தார். பக்கத்தில் யாரோ மூட்டை தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவது போல இருந்தது. மாஸ்க்கில் தண்ணீர் கசிந்தது. மூக்கால் ஊதி வெளியேற்றினார். இதெல்லாம் ஒரு கோளாறா? விசைப்படகின் கூரை காலில் தட்டுப்பட்டபோது டார்ச் அணைந்தது. இருட்டு மாஸ்க் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. தட்டினார், குலுக்கினார். மங்கலாக எரிந்தது. எரிகிறதே, பிறகென்ன?

இன்ஜின் அறையின் வாசலில் ஒரு கை கயிற்றையும் டார்ச்சையும் சேர்த்துப் பிடித்திருக்க, மறு கையை உள்ளே நீட்டினார். இன்ஜினின் மேலிருந்த இரும்பு வளையம் விரல் நுனியில் பட்டது. ஒரு முழம் உள்ளே போனால் கொக்கியை மாட்டிவிடலாம். போவதற்கு முன் காற்று எவ்வளவு இருக்கிறது என்று மீட்டரைப் பார்த்தார். எண் தெளிவாகத் தெரிந்தது. கண்ணை எடுத்தார். எண் இல்லை. மறுபடி பார்த்தார், படித்தார், தலையைத் திருப்பினார். மனதில் எதுவும் தங்கவில்லை. அந்த ஆழத்தில் சுவாசிக்கிற காற்றே போதை ஏற்றும் என்பதை அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். தனக்கு ஏறும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

சரி, இது எத்தனையாவது? மாஸ்க் ஒன்று. அப்புறம்? அப்புறம் ஏதோ ஒன்று நடந்ததே. நடந்ததா, அல்லது அது நேற்று மாப்பிள்ளைக்கு நடந்ததா? கையிலிருந்த டார்ச்சைப் பார்த்தார். அது எதற்கு இவ்வளவு மங்கலாக எரிகிறது என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டா மூன்றா என்று தெரியாத ஒருவன் இந்த வாசலுக்குள் தலையை விடப்போகிறான். அந்த ஒருவன் தான்தான்.

வளையம் இன்னும் விரலில்தான் இருந்தது. எடுப்பதற்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு விரலாக எடுத்தார்.

மெல்ல மெல்ல ஏறினார். சாம்பல் திரும்பப் பச்சையானபோது மீட்டரைப் பார்த்தார். இந்த முறை எண் மனதில் தங்கியது. தங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும் அளவுக்குக் காற்று குறைந்திருந்தது. இன்னும் ஒரு முழம், இன்னும் ஒரு முழம் என்று உள்ளே போயிருந்தால்... கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

படகின் அடிப்பாகம் தலைக்குமேல் தெரிந்தது. உடனே ஏறிவிட முடியாது. ஆழத்தில் உடம்பில் ஏறிய வாயு இறங்கும்வரை கொஞ்ச நேரம் கயிற்றிலேயே தொங்க வேண்டும். கொக்கி இடுப்பிலேயே இருந்தது. என்ன சொல்வது? டார்ச் அணைந்துவிட்டது என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் பாழாய்ப்போன டார்ச் இப்போது பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

மேலே விளிம்பில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. ஒன்று உடனே பின்வாங்கியது, ரேடியோவாகத்தான் இருக்கும். மற்றொன்று நகரவில்லை. அவர் விட்ட குமிழிகள் போய் உடைய, மாப்பிள்ளையின் முகம் சிதறியது. பிறகு மெதுவாக ஒன்றுசேரத் தொடங்கியது. அந்த முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. தண்ணீர் அசையாமல் இருக்கட்டும் என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கண்கள் கூடின. மூக்கு கூடியது. தண்ணீருக்கடியில் மூச்சைப் பிடிக்கக் கூடாது. வாய் கூடுவதற்குள் விட்டுவிட்டார். குமிழிகள் கூட்டமாக ஏறிப்போய், முகம் மறுபடி நூறு துண்டுகளாக உடைந்தது.