ஏழு பதிமூணு

புயல் என்ற பெயரில் பாடிக்கொண்டிருந்த அந்த இருபது வயதுப் பையனுக்கு ரசிகர்களிடமிருந்து ஒரு நாளைக்கு ஆறாயிரம் செய்திகள் வரும். முடிந்தவரை அவனே பதில் எழுதுகிறான் என்று உலகம் நம்பியது. உலகத்துக்குக் காது குத்தியவள் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. மூன்றாவது மாடியில், சன்னல் திறக்க வராத அறையில், இரண்டு கைப்பேசிகளோடு காலை முதல் மாலை வரை அவனாக எழுதிக்கொண்டிருப்பாள். அலுவலகத்தில் அவளைப் பதில்காரி என்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், எழுதுவதற்குப் புயலிடம் விஷயமே இல்லை. ஒன்பது வயதிலிருந்து பாட்டு, ஒத்திகை, வண்டி, தூக்கம். பிடித்த நிறம் எது என்று கேட்டால்கூட, மேனேஜராக இருந்த தன் தாய்மாமன் முகத்தைத்தான் பார்ப்பான். மாமாவோ, "பையனுக்குச் சின்னதா ஒரு சோகம் வேணும்மா. பார்க்க அழகா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கடையில் சரக்கு தீர்ந்தால் வீட்டிலிருந்து எடுத்து வைப்பதில்லையா, பதில்காரி அப்படித்தான் செய்தாள். அவளுக்கு இருந்த இடிப் பயம் அவனுக்கு வந்தது. அவள் கடித்த நகத்தை அவன் கடித்தான்.

ஒருநாள் ஒரு சிறுமி, தனக்கு எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். பதில்காரிக்கு மனசு கேட்கவில்லை. "இடி இடித்தால் அப்பா எனக்குப் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடுவார். ஏழு பதிமூணு தொண்ணூத்தி மூணு என்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார். தொண்ணூற்றொன்று என்று கத்தித் திருத்துகிற அவசரத்தில் பயம் போய்விடும்" என்று எழுதிவிட்டாள். லிப்ட் மெக்கானிக்காக இருந்த அவள் அப்பா செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதில் ஒரே நாளில் எங்கெங்கோ பரவியது. மாமாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "உனக்கு நல்ல கற்பனைம்மா" என்றார். வாய்ப்பாடு அடுத்த பாட்டின் முதல் வரியானது. அவள் வாயைத் திறக்கவில்லை. அது தப்புத்தான்.

புயல் தினமும் மதியம் அவள் அறைக்கு வருவான். "நேத்து நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டுத் தன்னைப் பற்றிப் படித்துக்கொள்வான். மற்றவர்கள் எதிரில் அவள் அவனை சார் என்பாள். கதவு சாத்தினால் நீதான். இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு அவன் தூங்குவதைப் பார்த்தபடியே நூறு பேருக்குப் பதில் எழுதியிருக்கிறாள். அப்படி ஒரு மதியம் அவன் சொன்னான்.

"உன்ன எனக்குப் பிடிச்சிருக்கு. வெளிய போனா நான் யாருன்னு யோசிச்சு யோசிச்சுப் பேசணும். இங்க அது வேண்டாம்."

அன்றைக்கு அவள் கால் தரையில் பாவவில்லை. அவளும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது டிவியில் அவன் கச்சேரி வந்தது. நாற்பதாயிரம் பேர் ஒரே குரலில், "ஏழு பதிமூணு தொண்ணூத்தி மூணு" என்று கத்தினார்கள். அம்மாவின் கை நின்றது.

"இது உங்கப்பாவோடதில்ல?"

பதில்காரி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இனிமே நான் அதைச் சொன்னா டிவில கேட்டுச் சொல்றேன்னுதான் நெனைப்பாங்க" என்றாள் அம்மா. மடித்த சட்டையையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

மறுநாள் கதவைச் சாத்தியதும் பதில்காரி அவனிடம் சொன்னாள். "அது எங்கப்பா. எனக்குத் திருப்பிக் கொடு."

"எப்படிக் கொடுக்கறது?"

"உன்னோடது இல்லன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

"அதைப் பாடறப்ப நான் நெஜமாவே அழறேன், தெரியுமா? எங்கப்பா பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கு."

"உங்கப்பா முந்தாநாள்கூட வந்து கார் சாவிய வாங்கிட்டுப் போனாரே."

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். இருவருக்கும் வரவில்லை.

"உனக்கு என்னைப் பிடிச்சிருக்கா, இல்ல நான் எழுதற உன்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் வேற வேறயா?" அவன் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். "அதையும் எடுத்துட்டா என்கிட்ட என்ன மிஞ்சும்?"

"தெரியல. அதைத்தான் நான் பார்க்கணும்."

அவன் எழுந்து போனான். மூன்று நாள் அந்தப் பக்கமே வரவில்லை. அந்த மூன்று நாளும் அவள் அவனாக எல்லோருக்கும் அன்பை அள்ளி வழங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வானொலியில் அவனுக்கு நேரலைப் பேட்டி. மாமா அவள் அறையில் நின்றுகொண்டே கேட்டார். பேட்டி எடுத்தவர் வாய்ப்பாட்டைப் பாடச் சொன்னார்.

"அது எங்கப்பா பாடினது இல்லைங்க" என்றான் புயல். குரல் நடுங்கியது. இப்படி ஒரு குரலில் அவன் பேசி அவள் கேட்டதே இல்லை. "ஒரு பொண்ணோட அப்பா பாடினது. அவ குடுத்தா. நான் என்னோடதுன்னே நம்பிட்டேன். இப்பத் திருப்பிக் குடுக்கறேன். இனிமே அதைப் பாட மாட்டேன்."

பதில்காரி அழுதுவிட்டாள். அவள் எழுதிக் கொடுக்காத வார்த்தைகள். அவன் இருந்தான், தனியாக, நிஜமாக. அவளுக்கு அது போதும்.

"கெடுத்தான்" என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்குள் இரண்டு கைப்பேசிகளும் விடாமல் அதிர ஆரம்பித்தன. ஒன்றை எடுத்துப் படித்தார். இன்னும் படித்தார். முகம் மெல்ல மெல்ல வெளிச்சமானது. என்ன பணிவு, என்ன மனசு, யார் அந்த அதிர்ஷ்டக்காரி என்று ஆயிரக்கணக்கில் கேட்டிருந்தார்கள்.

"பயல் பிழைச்சுக்குவான்" என்று சொல்லி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரிம்மா, அந்தப் பொண்ணு யாருன்னு எழுதலாம்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது நான்தான் சார்."

அப்பாவின் வேலை, இடிப் பயம், மூன்று வருஷம் ஆனது, எல்லாவற்றையும் சொன்னாள். மாமா குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"இல்லம்மா, எடுபடாது" என்றார். "நம்பற மாதிரி வேற யாரையாவது சொல்லு."